கடைக்காரர்களும் கடைவாய்ப் பல்லும்

பல் வலிக்காகக் கடையைச் சாத்தியவர் என்று நம் கடைவீதியில் யாரையாவது கேள்விப்பட்டிருக்கிறோமா? காய்ச்சலுக்குச் சாத்துவோம். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குச் சாத்துவோம். ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தன்று ஒற்றுமையாகச் சாத்திவருகிறோம். ஆனால் பல் மருத்துவரைப் பார்க்க அரை நாள் சாத்துவது மட்டும் நம் கணக்கில் வராது. கன்னம் வீங்கியிருந்தால் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு பக்கமாகவே காபியை உறிஞ்சிக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறோம். பக்கத்து மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்கி விழுங்கினால் மறுநாள் வலி குறைகிறது. அத்தோடு அதை மறந்தும் விடுகிறோம்.

சென்ற சில மாதங்களில் கடைவாய்ப் பல் வீக்கத்தைப் பற்றி உறுப்பினர்கள் பலர் நம்மிடம் கேட்டார்கள். கேட்டவர்களில் இருபது வயதுப் பிள்ளைகளின் தகப்பனார்களும் உண்டு, சர்க்கரை நோயுள்ள மூத்த வணிகர்களும் உண்டு. இரு சாராருக்கும் வருவது ஒரே வீக்கம்போலத் தெரிந்தாலும் காரணம் வேறு, செய்யவேண்டியதும் வேறு. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் இளைஞர்களுக்கு வருவதைப் பார்ப்போம். வாயின் கடைசியில், மேலும் கீழும் இரு பக்கமும் முளைக்கும் மூன்றாவது கடைவாய்ப் பல்லைத்தான் ஞானப்பல் என்கிறோம். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கும். சிலருக்குச் சற்றுத் தாமதமாகும், சிலருக்கு முளைக்காமலே போகும். மற்றப் பற்கள் எல்லாம் இடம் பிடித்துக்கொண்ட பிறகு கடைசியாக வருகிற பல் இது. சந்தையில் முன்னால் வந்தவர்கள் எல்லாம் கடை விரித்துவிட்ட பிறகு வருகிறவருக்கு எப்படி மூலையில் பாதி இடம் கிடைக்குமோ, அப்படித்தான் இதற்கும் கிடைக்கிறது. தாடையில் இடம் போதாவிட்டால் பல் சாய்ந்து முளைக்கும். அல்லது பாதி வெளியே வந்து, மீதி ஈறுக்குள் நின்றுவிடும். கீழ்த் தாடையில்தான் இது அதிகம்.

பாதி முளைத்த பல்லின்மேல் ஈறு ஒரு மூடிபோலக் கவிந்திருக்கும். அந்த மூடிக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு சிறு பை உண்டாகிறது. சாப்பிட்டது அதற்குள் நுழையும். பல் துலக்கும் பிரஷ் நுழையாது. உள்ளே தங்கியது அழுகிக் கிருமி பெருகி, ஈறு சிவந்து வீங்குகிறது. வீங்கிய ஈறு உயர்ந்துவிடுவதால் மேல் பல் ஒவ்வொரு முறை மெல்லும்போதும் அதன்மேலேயே கடிக்கிறது. கடிபட்ட ஈறு மேலும் வீங்குகிறது. வாயில் துர்நாற்றம், விழுங்கும்போது வலி, காதுப் பக்கம் குத்தல், வாயைத் திறக்க முடியாத பிடிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேரும். பலர் இதைக் காது வலி என்றோ தொண்டைக்கட்டு என்றோ எண்ணிக் காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார்கள்.

நம் தொழிலில் இதற்கு வசதியாக ஒரு பழக்கமும் இருக்கிறது. மண்டியில் குத்தூசியால் மூட்டையைக் குத்தி, கையில் விழும் அரிசியை வாயில் போட்டுக் கடித்துத்தான் காய்ச்சலா ஈரமா என்று சொல்கிறோம். பருப்பையும் அப்படித்தான் பார்க்கிறோம், நிலக்கடலையையும் அப்படித்தான் பார்க்கிறோம். ஒரு நாளைக்கு இருபது முறை கடித்துப் பார்க்கிறவரின் கடைவாயில் உமியும் நொய்யும் தங்காமல் என்ன செய்யும்? இதற்காகச் சரக்கைக் கடித்துப் பார்க்கவே கூடாது என்று சொன்னால் நம்மை யாரும் மதிக்கமாட்டார்கள். கடித்துப் பார்த்தபின் ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கலாம் அல்லவா? கடையில் கூசாவிலோ பாட்டிலிலோ தண்ணீர் எப்போதும் இருக்கத்தானே செய்கிறது.

இவ்வகை வீக்கம் லேசாக இருக்கும்போது வீட்டில் செய்யக்கூடியது உண்டு. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வலிக்கிற பக்கம் சற்று நேரம் நிறுத்திக் கொப்பளிக்கவேண்டும். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, குறிப்பாகச் சாப்பிட்ட பிறகு. வலிக்கிறதே என்று அந்தப் பக்கம் துலக்காமல் விடுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படி விட்டால் அழுக்கு இன்னும் சேரும். மென்மையான, தலை சிறிய பிரஷ்ஷால் மெதுவாகத் துலக்கவே வேண்டும். மருத்துவரிடம் போனால் அவர் அந்த ஈறு மூடிக்கு அடியில் மருந்து நீர் பாய்ச்சிக் கழுவி விடுவார். பலருக்கு அதிலேயே பாதி வலி போய்விடும். காய்ச்சலோ, வீக்கம் பரவுவதோ, வாய் திறக்க முடியாத நிலையோ இருந்தால்தான் கிருமிக்கொல்லி மாத்திரை தேவைப்படும்.

ஒரு முறை வந்து போனால் சரி, பார்த்துக்கொள்ளலாம். மறுபடி மறுபடி வந்தால் அந்தப் பல் அங்கே இருந்து பயனில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அகற்றிவிடச் சொல்வார்கள். எக்ஸ்ரே ஏன் என்றால், கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு கொடுக்கும் நரம்பு தாடை எலும்புக்குள் அந்தப் பல்லின் வேருக்கு அருகில்தான் ஓடுகிறது. வேரும் நரம்பும் எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்துகொண்டுதான் கை வைப்பார்கள். வலி இல்லாமல், தொந்தரவு இல்லாமல் நேராக முளைத்து நிற்கும் ஞானப்பல்லை எடுக்கவேண்டியதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

வலி நின்றுவிட்டால் தீர்ந்ததா?

இனி நடுவயது வணிகர்களுக்கு வருவது. இங்கே ஞானப்பல்லைவிடச் சொத்தைதான் பெரிய காரணம். சொத்தை மேலே இருக்கும்வரை பல் கூசும். உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள கூழை எட்டியதும் இராத்திரி தூக்கம் போகும். இங்கேதான் ஒரு விஷயத்தை எல்லோரும் கவனிக்கவேண்டும். நாலைந்து நாள் உயிர்போகிற மாதிரி வலித்த பல், ஒரு நாள் தானாகவே வலிப்பதை நிறுத்திவிடும். கிராம்பு கேட்டது, மாத்திரை கேட்டது என்று நாம் மகிழ்ந்துபோகிறோம். உண்மையில் உள்ளே இருந்த நரம்பு செத்துவிட்டது. அதனால்தான் வலி இல்லை. கிருமி சாகவில்லை. அது வேர் வழியாக இறங்கி, வேரின் நுனியில் எலும்புக்குள் சீழ் கட்டத் தொடங்குகிறது. சில வாரமோ சில மாதமோ கழித்து ஈற்றில் கொப்புளமாகவோ கன்னத்தில் வீக்கமாகவோ அது வெளியே தெரியும்.

ஒரு வெல்ல மண்டிக்காரரை எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்டவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். கார்த்திகையில் கீழ்க் கடைவாய்ப் பல் வலித்தது. பொங்கல் சரக்கு வந்து இறங்கும் நேரம் என்று மாத்திரையில் ஓட்டினார். வலி நின்றது. போகிக்கு முதல் நாள் தாடைக்கு அடியில் வீக்கம். கடையில் கூட்டம் நிற்கிறது, இந்த மூன்று நாள் வியாபாரம்தான் ஆண்டின் பெரும்பகுதி என்று மறுபடியும் மாத்திரை. பொங்கலன்று வாய் திறக்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று எச்சிலை விழுங்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, படுத்தால் மூச்சு அடைக்கிறது. அப்போதுதான் வண்டி எடுக்கிறார்கள். கழுத்தைக் கீறிச் சீழை வெளியேற்றி, மூச்சுக்குக் குழாய் வைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் கிடக்கவேண்டியதாகிறது. அங்கே ரத்தத்தைச் சோதித்தபோதுதான் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே வீட்டாருக்குத் தெரிகிறது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. கீழ்த் தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்கள் நாக்குக்கு அடியில் உள்ள தசையின் பிடிப்புக்கும் கீழே இறங்கி நிற்கின்றன. அங்கே சீழ் கட்டினால் அது வாய்க்குள் உடைவதற்குப் பதிலாகக் கழுத்துப் பக்கம் பரவ வழி கிடைக்கிறது. நாக்குக்கு அடியில் இரு பக்கமும் வீங்கி, நாக்கை மேலே தள்ளி, மூச்சை அடைத்துவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் என்ற மருத்துவர் 1836-இல் இந்நோயை விவரித்தார்; இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நல்ல மருந்துகள் வந்துவிட்ட இக்காலத்திலும் காலம் தாழ்த்தினால் உயிரைக் குடிக்கும். ஆகவே வாய் விரலளவுகூடத் திறக்காமை, எச்சில் வழிதல், விழுங்க முடியாமை, தாடைக்கடியில் கல்போன்ற வீக்கம், குரல் மாறுதல், கண்வரை ஏறும் வீக்கம், குளிர்க்காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவர் மாலை 5 மணிக்கு வருவார் என்று காத்திருக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும், 108-ஐக் கூப்பிடவேண்டும். கடைச் சாவியைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. சீழ் கட்டிய பல்லுக்குக் கிருமிக்கொல்லி மாத்திரை மட்டும் கொடுத்துக் குணமாக்க முடியாது. செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை; மருந்து அங்கே போய்ச் சேராது. வீக்கம் தற்காலிகமாக வடியும், பிறகு திரும்ப வரும். வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றவேண்டும், அல்லது பல்லை எடுக்கவேண்டும். இரண்டில் ஒன்றுதான் வழி. மருந்துக்கடையில் பெயர் தெரியாமல் மூன்று மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுக்கும் வழக்கத்தை நாம் விடவேண்டும். அதில் வலிமாத்திரை இரண்டு வகை இருக்கலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவற்றில் சில ஆகவே ஆகாது. பாரசிட்டமால்கூடப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக்கூடாது. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அந்த அளவே அதிகம். பல் வீக்கத்துக்குப் பெரும்பாலும் எழுதித் தரப்படும் மெட்ரோனிடசோல் மாத்திரையைச் சாப்பிடும் நாட்களில் மது கூடாது என்பதை மருத்துவர் சொல்லாவிட்டாலும் நாமே நினைவில் வைக்கலாம்.

கிராம்பு விற்கிற நாம்

பல்வலிக்கு முதல் மருத்துவர் மளிகைக் கடைக்காரர்தான். காலையில் கதவைத் திறக்கும்போதே, "அண்ணாச்சி, பல்லு வலிக்குது, ரெண்டு ரூபாய்க்குக் கிராம்பு குடுங்க" என்று வந்து நிற்கிறார்கள். கிராம்பில் சத்து உண்டு. அதன் எண்ணெயில் பெரும்பகுதியாக இருக்கும் யூஜினால் என்ற பொருள் வலியை மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்சைடுப் பொடியோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். ஆனால் எண்ணெய் இறக்கி எடுத்த சக்கைக் கிராம்பில் அந்தச் சத்து ஏது? தண்ணீரில் போட்டுப் பார்த்தால் நல்ல கிராம்பு அடியில் தங்கும், சக்கை மேலே மிதக்கும். வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொண்டால் வாடிக்கையாளரின் பல்லுக்கும் நல்லது, நம் பெயருக்கும் நல்லது.

கிராம்பு எண்ணெயை அப்படியே ஈற்றில் தேய்த்தால் ஈறு வெந்துவிடும். பஞ்சில் ஒரு துளி தொட்டுச் சொத்தைக் குழியில் மட்டும் வைக்கவேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டவிடவே கூடாது, விழுங்கினால் ஆபத்து. எப்படியானாலும் அது வலியைத்தான் குறைக்கும், சீழைக் கரைக்காது. ஆகவே கிராம்பைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது, "இன்னிக்கு வச்சுக்கோ, நாளைக்கு டாக்டரைப் பாரு" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம். நம் சொல்லுக்குத் தெருவில் மதிப்பு இருக்கிறது.

கிராம்பைத் தவிர வேறு பல கைவைத்தியங்களும் நடக்கின்றன. எருக்கம்பால் விடுகிறார்கள், அது வாயைப் புண்ணாக்கும். தலைவலி மாத்திரையைப் பொடித்து ஈற்றில் வைக்கிறார்கள், ஆஸ்பிரின் ஈற்றைச் சுட்டுவிடும். மூக்குப்பொடி, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். கன்னம் வீங்கியிருக்கும்போது வெளியே ஒத்தடம் கொடுப்பதானால் சுடு ஒத்தடம் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சில நிமிடம் வைத்து எடுக்கலாம். வலிக்குப் புகையிலையை அடக்குவது எல்லாவற்றிலும் கெட்டது. புகையிலை வலியை மறக்கவைத்துப் பழக்கமாகும், பிறகு பழக்கமே நோயாகும்.

புகையிலை இல்லாத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியிருக்கிறது. கொட்டைப்பாக்கும் சீவலும் விற்கிற நமக்கு இது கசப்பான செய்திதான். கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுதும் பாக்கு மெல்லுகிறவர்களுக்கு உள்கன்னம் நாளடைவில் விறைத்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். தம் மூன்று விரல்களைச் சேர்த்து நிறுத்தி வாய்க்குள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் மருத்துவரிடம் காட்டவேண்டும். இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வலியில்லாத தடிப்பு, காரணமில்லாமல் ஆடும் கடைவாய்ப் பல், பல் பிடுங்கியும் ஆறாத குழி, கழுத்தில் கட்டி இவையும் அப்படியே. பல் வீக்கம் வலிக்கும். புற்று பெரும்பாலும் தொடக்கத்தில் வலிக்காது. வலிக்காததுதான் அதன் வஞ்சகம்.

கன்னத்து வீக்கம் எல்லாமே பல்லால் வருவது அல்ல என்பதையும் சொல்லவேண்டும். குழந்தைகளுக்குக் காதுக்கு முன்னும் கீழும் வீங்கிக் காது மடல் தூக்கிக்கொண்டு நின்றால் அது பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். சாப்பிட உட்கார்ந்தவுடன் வீங்கிச் சற்று நேரத்தில் வடிந்தால் எச்சில் சுரப்பியில் கல் அடைத்திருக்கலாம்.

சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வரும், வந்தால் எளிதில் போகாது. ஈற்றில் நாள்பட்ட சீழ் இருந்தால் சர்க்கரையும் கட்டுப்படாமல் ஏறும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும். கடைவாயில் ஈறு அடிக்கடி இடம் மாறி மாறி வீங்குகிறதென்றால், பல் மருத்துவரைப் பார்ப்பதோடு ரத்தத்தில் சர்க்கரையையும் ஒரு முறை சோதிப்பது நல்லது. காலை 7 மணிக்குக் கடை திறந்து, டீயும் வடையுமாகப் பசியாறி, இரவு 11 மணிக்குச் சாப்பிட்டு, வாய் கொப்பளிக்காமல் படுக்கிறவர்கள் நாம். இரவு துலக்கிவிட்டுப் படுப்பது என்ற ஒன்றை மட்டும் செய்தாலே பாதிப் பல் பிழைக்கும்.

பல் எடுக்க நாள் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. வீக்கமும் வலியும் இல்லாத காலத்தில், வியாபாரம் மந்தமான நாளில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண மளிகைப் பட்டியல் வராத ஆடி மாதம் நமக்குத் தோது. அறுவை செய்து ஞானப்பல் எடுத்தால் வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு வடியும். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். முதல் 24 மணி நேரம் பலமாகக் கொப்பளிக்கவும் துப்பவும் கூடாது. குழியில் உறைந்த ரத்தம்தான் புண்ணுக்கு மூடி; அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து கடுமையாக வலிக்கும். பீடி, சிகரெட் சில நாளைக்காவது கூடாது. இரண்டொரு நாள் மூட்டை தூக்கவேண்டாம், அடுத்த நாள் கல்லாவில் உட்காரலாம்.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று இன்றும் பலர் அஞ்சுகிறார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பார்வை குறையும் நாற்பது வயதில்தான் பற்களும் விழத் தொடங்குகின்றன; இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டோம், அவ்வளவே.

போகும்போது நாம் சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போகவேண்டும். இதய அடைப்புக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்கவும் கூடாது, தாமாக நிறுத்தவும் கூடாது. இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் அதை முதலிலேயே சொல்லவேண்டும். அவர்களுக்குப் பல் எடுக்குமுன் ஒரு வேளை மருந்து தேவைப்படும். வெறும் வயிற்றில் போகாதீர்கள். செலவுக்குத் தயங்குகிறவர்களுக்கு அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னையில் 1953 முதல் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்திலும், 2023-இல் தொடங்கிய புதுக்கோட்டைக் கல்லூரியிலும் இதே வசதி கிடைக்கும். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கினால் மதிய வியாபாரத்துக்குத் திரும்பிவிடலாம்.